நாலாயிரத்து நூறு

ஏற்காட்டில் பதினேழாவது வளைவு தாண்டியதும்
காரை ஓரங்கட்டச் சொன்னது பனி.
முன்னால் ரோடு இல்லை, பின்னால் சேலம் இல்லை.
காருக்குள் நான், டிரைவர் அங்கமுத்து,
ஜவ்வரிசி வாங்க இந்தூரிலிருந்து வந்த மாங்கிலால்,
அவர் மணிக்கட்டில் அந்த சுவிஸ் வாட்ச்.

ஆறு லட்சத்து இருபதாயிரம் என்று
நான் கேட்காமலே சொன்னார்.

கமிஷன்காரியின் மூளை சும்மா இருக்குமா?
அன்றைய ரேட் மூட்டை நாலாயிரத்து நூறு.
நூற்று ஐம்பத்தியொரு மூட்டை ஜவ்வரிசியை
ஒரு மனிதர் கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.
மிச்சம் தொள்ளாயிரம்.
அதுதான் என் வாட்ச், முதல் அக்ரஹாரத்தில் வாங்கியது.
பேட்டரி போட்டால் இரண்டு வருஷம் பேசாமல் கிடக்கும்,
மாதத்துக்குப் பத்து விநாடி பிசகும்.
அவருடையது தினமும் ஐந்து விநாடி பிசகுமாம்;
அதையும் பிள்ளையின் குறும்புபோலச் சொல்லிக்கொண்டார்.
இரண்டு நாள் கட்டாவிட்டால் நின்றுவிடும்.
ஐந்து வருஷத்துக்கொருமுறை பிரித்து எண்ணெய் போட
ஐம்பதாயிரம்.
ஆத்தூர்ப் பக்கம் அந்தக் காசுக்குக்
கிணற்றில் புது மோட்டாரே இறக்கிவிடுவார்கள்.

வாய்விட்டுச் சொல்லவில்லை. பார்ட்டியிடம் சொல்லக்கூடாது.
மனசுக்குள் என் தம்பி கதிர்வேலோடு பேசினேன்:
தங்கம் என்றால் அவசரத்துக்கு அடகுக்கடை இருக்கிறது.
செவ்வாய்ப்பேட்டையில் இதை நீட்டினால்
"எத்தனை கிராம்மா இது?" என்பான்.
பழைய லாரி வாங்கிப் போட்டால் ஓடிச் சம்பாதிக்கும்.
இதுவும் ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும்,
ஒரு ஊருக்கும் போகாது.

அப்புறம் மாங்கிலால் மணி பார்த்தார்.
போனை எடுத்துப் பார்த்தார்.

சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
சில்வர் ஓக் ஒன்று பனிக்குள்ளிருந்து
பாதி மட்டும் வந்து நின்றது.

"பாருங்க மேடம்" என்று கழற்றிக் கொடுத்தார்.
இருபது வருஷமாய் வந்துபோய்த் தமிழ் பழகியவர்.
பின்பக்கமும் கண்ணாடி. உள்ளே
ஒரு சின்னச் சக்கரம் இப்படியும் அப்படியும்
ஆடிக்கொண்டிருந்தது,
தூங்கும் குழந்தையின் உச்சிக்குழி துடிக்குமே, அப்படி.
அவர் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது.
எனக்குக் கூச்சம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.
கட்டிப் பார்த்தேன்.
வளையலைவிடக் கனம். பட்டை லூஸ்,
முழங்கை வரை வழுக்கிப்போனது.
கையைத் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்
பனி விலகும்வரை.
திருப்பிக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தாமதித்தது.
அங்கமுத்து கண்ணாடியில் பார்த்துவிட்டான்.

ஏரிக்கரை ஓட்டலில் காபி வந்தது.
முந்நூறு மூட்டை என்றார்.
"ரேட்டு?"
நாலாயிரத்து நூறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
நாலாயிரத்து ஐம்பது என்று விழுந்தது.
அவர் பேரம் பேசவே இல்லை, சத்தியமாக.
கையை மேஜைமேல் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

ஆலைக்கார வையாபுரி குறைத்துக்கொள்ள மாட்டார்.
பதினைந்தாயிரத்தை
என் கமிஷனிலிருந்துதான் கட்டினேன்.

மலை இறங்கும்போது கணக்குப் போட்டேன்.
இன்னும் நாற்பத்தியொரு லோடு இப்படிப் போனால்
அந்த வாட்ச் அவருக்கு ஓசி.
கதிர்வேலு, யாராவது உன்னிடம்
அந்த மாதிரி வாட்ச் வாங்கலாமா என்று கேட்டால்
யார் கேட்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்.
வாங்கியவர் அவர். தவணை கட்டியது நான்.

ஆனால் அந்தச் சக்கரம் அழகுடா.
கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் வண்டி நின்றபோது
கட்டைவிரலால் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தேன்.
என் வாட்ச் இருந்தது. நாலு நிமிஷம் கூட்டி வைத்திருக்கிறேன்,
மார்க்கெட்டுக்கு முந்திப் போக.

அடுத்த லோடுக்கு
அவரிடம் போனில்தான் பேசுவேன்.